வாலிலிருந்து கட்டுகிறார்கள்

10 நவம்பர் 2024

ரஹீமாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். போனில் பேசினால் இரண்டு வார்த்தைக்குள் சண்டை வருகிறது. சண்டை முடிவதற்குள் லைன் போய்விடுகிறது. மீதிச் சண்டையை இரண்டு பேரும் தனித்தனியாகப் போட்டுக்கொள்கிறோம். இனிமேல் எழுதியே பேசலாம் என்று நீ சொன்னது சரிதான். இதைச் சிங்கப்பூருக்குத் தபாலில் போடுகிறேன். உன் பெரியம்மா மகன் முகைதீன் காக்கா அடுத்த முறை ஜவுளி எடுத்துக்கொண்டு ரங்கூன் வரும்போது கையில் தருவார்.

முதலில் நல்ல செய்தி. உனக்கும் நம் பிள்ளை இக்ராவுக்கும் விசா வந்துவிட்டது. ஏப்ரல் முடிவதற்குள் நீங்கள் இந்த நாட்டுக்குள் காலடி வைத்துவிட வேண்டும். தவறினால் மறுபடி முதலிலிருந்து. டயாலிசிஸ் செய்துகொள்கிறவரை எடுக்க மாட்டோம் என்று உன் வாப்பாவைப் பற்றி முன்பே சொல்லிவிட்டார்கள். மாமா பேச்சை இங்கே மேலும் எழுதவில்லை. எழுதினால் நீ கடிதத்தை மடித்து வைத்துவிடுவாய்.

இப்போது கேட்க வந்ததைக் கேட்கிறேன். நான் இருக்கிற ஊரைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். ஒரு பெட்ரோல் பங்க், ஒரு பள்ளிக்கூடம், நான் இஞ்சின் வேலை பார்க்கிற விமானக் கொட்டகை, அதைச் சுற்றிக் கண்ணுக்கு எட்டிய வரை செம்மண். ஹலால் கறி, ஜும்ஆத் தொழுகை, தமிழ் பேசுகிற நாலு குடும்பம், எல்லாம் பெரிய ஊரான டார்வினில். காரில் ஒரு பகல் முழுவதும் போக வேண்டும், மழைக்காலத்தில் ரோடே இருக்காது. சின்ன விமானத்தில் காலையில் கிளம்பினால் மதியம் லுஹர் தொழுகைக்கு முன்னால் போய்விடலாம். இங்கே மாட்டுப்பண்ணைக்காரர்கள் நம் ஊரில் மோட்டார் சைக்கிள் வைத்திருப்பதுபோல விமானம் வைத்திருக்கிறார்கள். ஓட்டுகிற லைசென்ஸ் எனக்குப் போன வருஷமே கிடைத்துவிட்டது. நாம் குடும்பமாக இங்கே இருக்க வேண்டுமென்றால் ஒரு விமானம் வேண்டும், ரஹீமா. ஆடம்பரத்துக்குச் சொல்லவில்லை.

இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, கம்பெனி கட்டியது. இங்கே ஒரு பண்ணைக்காரருக்குக் கண் பார்வை குறைந்துவிட்டது, தன்னுடையதை விற்கிறார். நாலு சீட். என்னைவிட வயதில் மூத்தது. மெதுவாகப் போகும், பெட்ரோல் குடிக்கும். ஒரு திருகாணி மாற்றினாலும் அதற்குச் சான்றிதழ் வேண்டும். ஆனால் சாதுவானது. ஓட்டுகிறவன் சின்னத் தப்பு செய்தால் பொறுத்துக்கொள்ளும். நாளைக்கே ஏறலாம்.

இன்னொன்று, நாமே கட்டுவது. பாகங்கள் பெட்டி பெட்டியாக வரும். பெரும்பங்கு வேலையை நம் கையாலேயே செய்ய வேண்டும், அதுதான் சட்டம். அதுவும் நாலு சீட்தான். வேகம் அதிகம், செலவு குறைவு, எல்லாம் புதுசு. ஒவ்வொரு ரிவிட் ஆணியும் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். குறையையும் சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரி விமானங்கள் விழுவது கொஞ்சம் அதிகம், முக்கியமாக ஆரம்பத்தில். அதனால் சோதனை ஓட்டம் முடியும் வரை யாரையும் ஏற்றக் கூடாது. 'இது கம்பெனி விமானம் அல்ல, ஏறுகிறவர் தம் சொந்தப் பொறுப்பில் ஏறுகிறார்' என்று உள்ளே ஒரு பலகை எழுதி வைக்க வேண்டும்.

எது நமக்குச் சரி என்று நீ சொல். இரண்டுக்கும் ஒரு கணக்குப் போட வேண்டியிருக்கிறது. யார் எந்த சீட்டில் உட்கார்ந்தால் விமானம் சமமாக நிற்கும் என்று பார்க்கணும். அதனால் உன் எடையும் இக்ராவின் எடையும் வேண்டும். உடுத்தின உடுப்போடு.

பைசல்

*

1 டிசம்பர் 2024

மச்சானுக்கு,

வஅலைக்கும் முஸ்ஸலாம். புருஷன் கடல் தாண்டிப் போய் ஆறு வருஷம் கழித்துக் கைப்பட ஒரு கடிதம் எழுதுகிறார். பொண்டாட்டி அதில் என்ன தேடுவாள்? நான் அதைக் கடையில் வைத்துப் பிரிக்காமல், வீட்டுக்குக் கொண்டுவந்து, கைகால் கழுவி ஒளு செய்து, கதவைச் சாத்திக்கொண்டு பிரித்தேன். கடைசியில் பார்த்தால் என் எடையைக் கேட்டிருக்கிறீர்கள்! கசாப்புக் கடைக்காரன்கூட இத்தனை நேராகக் கேட்க மாட்டான்.

பெபேடான் கடைத்தெரு முனையில் பிளாட்பாரத்தில் எடை மெஷின் வைத்திருப்பவரிடம் போய் ஏறி நின்றேன். நூற்று முப்பத்தெட்டு பவுண்டு. இக்ரா நூற்று நாலு. கிலோவுக்கு நீங்களே மாற்றிக்கொள்ளுங்கள், பார்க்கக் கொஞ்சம் குறைவாகத் தெரியும். நீங்கள் விட்டுவிட்டுப் போனபோது நான் இத்தனை இல்லை. கேட்க ஆள் இல்லாவிட்டால் மனுஷி சோற்றைத்தானே கேட்பாள்.

இக்ராவும் படித்தாள். அவளுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் எனக்குப் பொறுமை போய்விட்டது, நானே வாசித்துக் காட்டினேன். "வாப்பாவோட ப்ளேன் என்ன கலர்மா?" என்றுதான் முதல் கேள்வி. என் வாப்பா கட்டிலில் படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். "ஏம்மா, உம் மாப்பிள்ள இஞ்சின் வேலைக்குப் போனாரா, பட்டம் வுடப் போனாரா?" என்றார். சிரித்துவிட்டு இருமினார். இப்போதெல்லாம் சிரித்தால் இருமல் வருகிறது. வாரத்துக்கு மூன்று தடவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறேன். கரண்ட் இல்லாத நாளில் ஜெனரேட்டருக்கு டீசல் இருக்கிறதா என்று முதலில் போன் பண்ணிக் கேட்டுக்கொண்டுதான் டாக்சி பிடிக்கிறது.

அந்தப் பலகையைப் பற்றி எழுதியிருந்தீர்களே, ஏறுகிறவர் தம் சொந்தப் பொறுப்பில் என்று. நிக்காஹ் அன்றைக்கு அதை எனக்கு ஒருத்தரும் காட்டவில்லையே மச்சான்.

சரி, எது நல்லது என்று கேட்டீர்கள். விமானம் எனக்குத் தெரியாது. நான் பட்டனும் ஜிப்பும் லைனிங் துணியும் விற்கிறவள். தன்லியினில் இருக்கிற தையல் ஃபேக்டரிக்கும் நான்தான் சரக்குக் கொண்டுபோகிறேன், இன்சீனில் வீட்டில் தைக்கிற பொம்பளைகளுக்கும் நான்தான் கொண்டுபோகிறேன். இரண்டு பேர் வேலையும் பார்த்திருக்கிறேன். ரெடிமேட் வாங்குகிறவள் இன்றைக்குச் சாயங்காலம் கல்யாண வீட்டுக்குப் போகிறவள். துணி எடுத்துத் தைக்கக் கொடுப்பவளுக்கு நாள் இருக்கிறது, அடுத்த பெருநாளுக்குக் கட்டினால் போதும்.

அதனால் ஒன்று சொல்கிறேன். நீங்கள் ரெடிமேட் விமானம் வாங்கினால், ஏப்ரலுக்குள் நாங்கள் வருவோம் என்று நீங்கள் நம்புகிறீர்கள் என்று எடுத்துக்கொள்வேன். நீங்களே கட்டப் போனால், இவள் இப்போதைக்கு வர மாட்டாள் என்று மனசில் முடிவு கட்டிவிட்டீர்கள் என்று எடுத்துக்கொள்வேன். எத்தனை வருஷத்தில் கட்டி முடியும் என்று நீங்கள் எழுதவில்லை. கவனிக்காமல் இல்லை.

ரஹீமா

*

5 ஜனவரி 2025

ரஹீமாவுக்கு,

சலாம். உன் கடிதத்தைக் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே இரண்டு நாள் வேலை பார்த்தேன்.

எத்தனை வருஷம் என்று கேட்டாய். வேலை முடிந்து வந்து தனி ஆளாகக் கட்டினால் நாலு வருஷம், ஐந்துகூட ஆகும். இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். நீ கண்டுபிடிப்பதற்கு முன்னால் நானே சொல்கிறேன். நான் உன்னை யோசனை கேட்டபோதே முதல் பெட்டி வந்துவிட்டது. வால். இந்த விமானங்களை வாலிலிருந்துதான் கட்ட ஆரம்பிப்பார்கள். சின்னது, கெட்டுப்போனாலும் நஷ்டம் குறைவு, கை பழகும் என்று. உனக்குச் சிரிப்பு வரும். தலையை யோசிக்காமல் வாலைப் பிடிக்கிற ஆள் என்று உன் வாப்பா என்னைப் பற்றிச் சொன்னது எனக்குத் தெரியும்.

ஆனால் நீ எழுதினது எனக்குத் தாங்கவில்லை. உன்மேல் நம்பிக்கை இல்லாமல் நான் வால் வாங்கவில்லை. அந்தப் பண்ணைக்காரரோடு அவர் விமானத்தில் ஒரு சுற்றுப் போய் வந்தேன். நல்ல விமானம், குறை சொல்ல ஒன்றும் இல்லை. மேலே போய் நேராக நின்றதும் பழக்கதோஷத்தில் பின்னால் திரும்பிப் பார்த்தேன். இரண்டு சீட், பெல்ட் போட்டபடி, காலியாக. அதை வாங்கிக் கொட்டகையில் நிறுத்தி வைத்தால் தினமும் அந்த சீட்டைத் துடைக்க வேண்டும். பெட்டியில் இருக்கிற பாகத்தில் யாரும் உட்கார முடியாது, அதனால் யாரும் உட்காரவில்லை என்று தோன்றாது. சாயங்காலமானால் கைக்கு ஒரு வேலை இருக்கும். இந்த ஊரில் சாயங்காலம் என்றால் என்னவென்று உனக்குத் தெரியாது. பள்ளிவாசல் பாங்கு கிடையாது. தெருச் சத்தம் கிடையாது. கரண்ட் வந்ததும் தெருப் பிள்ளைகள் மொத்தமாகக் கத்துமே, அதைக் கேட்டால்கூடப் போதும் என்றிருக்கிறது.

எனக்கும் மனத்தாங்கல் உண்டு. நீ எடையை எழுதினாய், கேலி எழுதினாய், மாமாவின் இருமல் எழுதினாய். விசா வந்தது என்று எழுதினேனே, அதற்கு ஒரு பதில் இல்லை. சந்தோஷம் என்றுகூட இல்லை. என்னால் அங்கே வர முடியாது, பட்டாளத்துக்கு ஆள் பிடிக்கிற நேரத்தில் வந்தால் திரும்பி வெளியே விட மாட்டார்கள், அது உனக்கே தெரியும். நீதான் வர வேண்டும். மாமாவை விட்டுவிட்டு வா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விட்டுவிட்டு வர மாட்டேன் என்று சொல்ல உனக்கும் வரவில்லை.

வருகிறேன் என்று ஒரே ஒரு வரி எழுது. நாளைக்கே அந்தக் கம்பெனி விமானத்தை வாங்குகிறேன்.

பைசல்

*

1 பிப்ரவரி 2025

மச்சானுக்கு,

காக்கா சிங்கப்பூர் கிளம்புகிறார், கீழே டாக்சியை நிறுத்தி வைத்திருக்கிறார், அவசரமாக எழுதுகிறேன்.

போன வாரம் வார்டு ஆபீஸ் ஆட்கள் வீடு வீடாக வந்தார்கள். குடும்ப அட்டையைப் பார்த்தார்கள். இக்ராவுக்கு எப்போது பதினெட்டு ஆகிறது என்று கேட்டார்கள், ஜூன் என்றேன், பட்டியலில் எழுதிக்கொண்டு போனார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். எதிர்வீட்டு டோ கின் தன் மகளை அன்றைக்கே பாங்காக்குக்கு அனுப்பிவிட்டாள். ஊர் நிலவரம் உங்களுக்குத் தெரியும், மேலே எழுத வேண்டாம்.

இக்ரா ராத்திரி என் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டாள். இத்தனை பெரிய பெண்.

இதற்கு மட்டும் சத்தியமாகப் பதில் சொல்லுங்கள். உங்கள் பொம்பளைப் பிள்ளையை ஒன்றில் ஏற்ற வேண்டும், இந்த வருஷமே ஏற்ற வேண்டும் என்றால், இரண்டில் எதில் ஏற்றுவீர்கள்? வேகம், செலவு, புதுசு, பழசு எதுவும் எனக்கு வேண்டாம். எது பொறுத்துக்கொள்ளும் என்று எழுதினீர்களோ, அதை வாங்குங்கள். மச்சான், ரெடிமேடை வாங்குங்கள்.

ரஹீமா

*

24 பிப்ரவரி 2025

ரஹீமா,

வாங்கிவிட்டேன்!

உன் கடிதம் வந்த அன்றே பண்ணைக்காரரிடம் போனேன். விலையில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தார், குடும்பம் வருகிறது என்று சொன்னதற்காக. வெள்ளை நிறம், இடுப்பில் ஒரு நீலக் கோடு. இக்ராவிடம் சொல். இஞ்சினைப் பிரித்துப் பார்த்தேன், மனுஷர் நன்றாக வைத்திருக்கிறார். கதவு ரப்பர் மட்டும் காய்ந்து போயிருந்தது, மாற்றிவிட்டேன். சத்தமாக இருக்கும், அதற்குக் காதில் மாட்டிக்கொள்ள மூன்று செட் வாங்கினேன். அதிலேயே ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளலாம், லைன் போகாது.

நீ கேட்டதற்குப் பதில். இதில்தான் ஏற்றுவேன். யோசிக்க ஒன்றும் இல்லை. நானே கட்டியது என்றால் என் கை வேலை சரியா என்று அவள் உயிரை வைத்துப் பார்க்க வேண்டிவரும். இந்த ரகத்தை ஆயிரக்கணக்கில் செய்து, பறந்து, இடித்து, திருத்தி, அதற்கப்புறம் செய்தது இது. அழகில்லை, ஆனால் தெரியாத குணம் எதுவும் கிடையாது.

வாலை விற்றுவிட்டேன். ஆலிஸ் ஸ்ப்ரிங்ஸில் இதே ரகத்தைக் கட்டிக்கொண்டிருக்கிற ஒரு பள்ளிக்கூட வாத்தியார் வந்து லாரியில் ஏற்றிக்கொண்டு போனார். கொட்டகை விசாலமாகிவிட்டது. வீட்டுக்குத் திரைச்சீலை போட்டேன். உனக்குப் பிடித்த பச்சை. டார்வினில் ஒரு பர்மியக் கடை இருக்கிறது, தேயிலை லாப்பெட்டும் மீன் விழுது ங்காப்பியும் கிடைக்கிறது. ங்காப்பியைத் திறந்து வைத்ததில் பக்கத்து வீட்டு அம்மா வந்து கேஸ் கசிகிறதா என்று கேட்டுவிட்டுப் போனாள்.

உன் கடிதத்தை மறுபடி படித்தேன். வருகிறோம் என்று நீ எழுதவில்லை என்பது இரண்டாவது தடவை படிக்கும்போதுதான் தெரிந்தது. மூன்றாவது தடவை படிக்கவில்லை.

நோன்பு வரப்போகிறது. இந்தப் பெருநாளைச் சேர்ந்து கொண்டாட முடியாது, பெருநாள் கழிந்தாவது வந்துவிடு. டார்வினுக்கு நானே வந்து அழைத்துப் போகிறேன், விமானத்தில். முன் சீட் உனக்கு.

பைசல்

*

20 மார்ச் 2025

மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சாயங்காலம் அஸர் தொழுகைக்கும் மஃரிபுக்கும் நடுவில் எழுதுகிறேன், கஞ்சி அடுப்பில் இருக்கிறது. உங்கள் கடிதத்தை வாப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். ங்காப்பி இடத்தில் நன்றாகச் சிரித்தார். திரைச்சீலை இடத்தில் என் முகத்தைப் பார்த்தார்.

அடுத்த ஆஸ்பத்திரி நாளில் அவர் எழுந்திருக்கவில்லை. டாக்சி வந்து நிற்கிறது. "போவல" என்றார். உடம்புக்கு என்ன என்று கேட்டேன். "ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. ஊசி வேணாம். நீ பொட்டியக் கட்டு, அந்தப் புள்ளயக் கூட்டிக்கிட்டுப் போ. நான் எத்தன நாளுக்கும்மா ஒங் கால்ல கயிறாட்டம் கெடக்கறது?" என்றார். எனக்கு வந்த கோபத்தில் என்ன பேசினேன் என்று தெரியவில்லை. பெற்ற தகப்பனைப் பேசக்கூடாததெல்லாம் பேசினேன். டாக்சிக்காரர் கோ தூன் மாடிக்கு வந்துவிட்டார், சண்டை என்று நினைத்து. இரண்டு பேருமாகத் தூக்கி வைத்துக்கொண்டு போனோம். மெஷினில் படுத்துக்கொண்டு அவர் அழுதார், நானும் அழுதேன், நர்ஸ் எங்களைத் திட்டினாள்.

அன்றைக்கு எனக்கு விளங்கிவிட்டது. நான் பெட்டி கட்டினால் அவர் மறுபடி எழுந்திருக்க மாட்டார். வேறு யார் பார்த்துக்கொண்டாலும் ஊசிக்கு வர மாட்டார். நான் ஒரே பிள்ளை, எனக்கு மாற்றாள் கிடையாது.

இக்ரா வருகிறாள். பெருநாள் முடிந்த வாரத்தில், சிங்கப்பூர் வரை முகைதீன் காக்காவோடு, அங்கிருந்து டார்வினுக்குத் தனியாக. என்னை விட்டுப் போக மாட்டேன் என்று மூன்று நாள் சாப்பிடவில்லை. பகலெல்லாம் நோன்பு என்றாள், சாயங்காலம் நோன்பு திறக்கவும் இல்லை. கடைசியில் நான்தான் சொன்னேன், "வாப்பா அங்க ஒத்தையா இருக்காரு, நான் இங்க ஒத்தையா இல்ல, எனக்கு எங்க வாப்பா இருக்காரு. நீ போய் அவரப் பாத்துக்க." அன்றைக்குத்தான் நோன்பு திறந்தாள். பெட்டியில் துணிக்கு நடுவே லாப்பெட் வைத்துக் கட்டியிருக்கிறாள், அங்கேயே கிடைக்கும் என்று சொன்னாலும் கேட்கவில்லை.

அவள் காலையில் எழுந்ததும் பேச மாட்டாள். கோபம் என்று நினைத்துவிடாதீர்கள். டீ குடித்த பிறகு பேசுவாள், அதுவும் பர்மிய பாஷையில். நீங்கள் தமிழிலேயே பதில் சொல்லுங்கள், விட்டுவிடாதீர்கள். இடி இடித்தால் பயப்படுவாள், பயமில்லை என்பாள். மழை மேகம் இருந்தால் அன்றைக்கு ஏறாதீர்கள், கறி வாங்காவிட்டால் பரவாயில்லை, முட்டை சாப்பிடுங்கள். முன் சீட்டில் அவளை உட்கார வையுங்கள்.

விசா தேதி போய்விடும். தெரியும். உங்களுக்கு என்மேல் கோபம் வரும், வரட்டும். கோபம் வந்தால் எழுதுங்கள், எழுதாமல் மட்டும் இருக்காதீர்கள். அந்தப் பச்சைத் திரைச்சீலையை நினைத்து நினைத்து நேற்றுக் கடையில் இரண்டு தடவை பில்லைத் தப்பாகப் போட்டேன். நீங்கள் இல்லாமல் எனக்கு ஒன்றும் சரியாக இல்லை மச்சான். இதை நான் போனில் ஒருநாளும் சொல்லியிருக்க மாட்டேன்.

ஒன்று கேட்கிறேன். வேறு வால் வாங்குங்கள். நீங்கள் கட்ட ஆரம்பித்தால் நான் வர மாட்டேன் என்று அர்த்தம் எடுத்துக்கொள்வேன் என்று அன்றைக்கு எழுதினேன். இப்போது நானே சொல்கிறேன், கட்டுங்கள். வெள்ளை விமானம் இக்ராவுக்கு. இது எனக்கு. ஆனால் மெதுவாகக் கட்டுங்கள். ஒவ்வொரு ரிவிட்டையும் இரண்டு தடவை பாருங்கள், சரியில்லை என்றால் பிரித்து மறுபடி அடியுங்கள். நாலு வருஷம், ஐந்து வருஷம் என்றால் ஆகட்டும்.

ரமலானில் கேட்கிற துஆ வீண் போகாது என்பார்கள். தொழுதுவிட்டு எல்லாவற்றையும் கேட்கிறேன். இக்ராவுக்குக் கேட்கிறேன், உங்களுக்குக் கேட்கிறேன், டீசலுக்குக்கூடக் கேட்கிறேன். சீக்கிரம் உங்களிடம் வந்து சேர வேண்டும் என்று மட்டும் என்னால் கேட்க முடியவில்லை. கையை ஏந்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். அதைக் கேட்டால் வாப்பா கண்ணை மூடி மவுத்தாக வேண்டும் என்று கேட்பதாகிவிடும். நீங்களும் கேட்காதீர்கள். கட்டிக்கொண்டிருங்கள்.

ரஹீமா